இடுப்பு வலி என்றாலே பிரசவ வலியா என்று கேட்கிறார்கள்: 28ஆம் வாரம், புரண்டு படுக்க முடியவில்லை

முல்லைக்கொடி | 6 பிப்ரவரி 2023, இரவு 2.40

அனைவருக்கும் வணக்கம். முதல் குழந்தை, 28ஆம் வாரம் நடக்கிறது. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை செய்கிறேன். தூக்கம் வராததால்தான் இந்த நேரத்தில் எழுதுகிறேன்.

மூன்று வாரமாக, அடிவயிற்றுக்குக் கீழே முன்பக்க நடு எலும்பில் ஆப்பு வைத்துப் பிளப்பதுபோல் வலிக்கிறது. பின்பக்கம் வலது பிட்டத்துக்கு மேலே இன்னோர் இடம். ஒரு விரல் வைத்து இங்கேதான் என்று காட்டிவிடலாம். சுடிதார் காலை மாட்ட ஒற்றைக் காலில் நின்றால் உயிர் போகிறது. படியேறினால் முன் எலும்பில் 'சளக்' என்று ஒரு சத்தம்.

போன புதன்கிழமை வளைகாப்பு. இரண்டு மணி நேரம் மணையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் எழ முடியவில்லை. இரண்டு அத்தைகள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். அன்றிலிருந்து இரவில் புரளவே பயமாக இருக்கிறது. நான் அசைந்தால் கண்ணாடி வளையல் சத்தத்தில் கணவர் விழித்துக்கொள்கிறார். அதனால் வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றி இறுக்கிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு திரும்புகிறேன்.

வீட்டில் "இடுப்பு வலிக்கிறது" என்றதும் மாமியார் பதறிப்போய் ஆட்டோவைக் கூப்பிடச் சொன்னார். அந்த வலி இல்லை என்று விளக்கியதும், "பிள்ளைத்தாய்ச்சிக்கு இடுப்பு வலிக்காமல் இருக்குமா" என்று அடுப்படிக்குப் போய்விட்டார். மருத்துவரும் எல்லோருக்கும் வருவதுதான் என்று கால்சியம் எழுதிக் கொடுத்தார். இது குழந்தைக்கு ஆபத்தா? ஆபரேஷன்தான் செய்ய வேண்டியிருக்குமா? இன்னும் மூன்று மாதம் இப்படியே தள்ள வேண்டுமா?

நெய்தல் | 6 பிப்ரவரி 2023, காலை 6.15

தோழி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அழுதேன். எனக்கு 31ஆம் வாரம். அதே முன் எலும்பு, அதே ஒற்றைக் கால். எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. வலிக்கும் இடம் அப்படிப்பட்ட இடம் என்பதால் அம்மாவிடம்கூடச் சொல்லக் கூச்சமாக இருந்தது. யாராவது விவரம் தெரிந்தவர்கள் பதில் சொல்லுங்கள்.

செம்பருத்தி | 6 பிப்ரவரி 2023, காலை 10.30

இருவருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூரில் பிசியோதெரபிஸ்ட். கர்ப்பிணிகளைப் பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. நேரில் பார்க்காமல் நோயை உறுதிசெய்ய முடியாது. ஆனால் முல்லைக்கொடி சொல்லும் அடையாளங்களை வாரத்துக்கு நாலைந்து பேரிடம் கேட்கிறேன். இதற்குப் பெயர் உண்டு: பெல்விக் கர்டில் பெயின், அதாவது இடுப்பு வளைய வலி. கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வருகிறது. குழந்தைக்கு இதனால் எந்தத் தீங்கும் இல்லை.

இடுப்பெலும்பு ஒரு வளையம். அதில் மூன்று மூட்டுகள் உண்டு. முன்னால் நடுவில் ஒன்று; பின்னால் முதுகின் அடியில் இரண்டு குழிகள் தெரியுமே, அவற்றின் ஆழத்தில் பக்கத்துக்கு ஒன்று. சாதாரணமாக இவை அசைவது மிகக் கொஞ்சம். கர்ப்பத்தில் ரிலாக்சின் போன்ற ஹார்மோன்களால் மூட்டைப் பிடித்திருக்கும் நார்கள் தளர்கின்றன. முன் மூட்டின் இடைவெளி வழக்கமாக 4 அல்லது 5 மில்லிமீட்டர். கர்ப்பத்தில் மேலும் 2, 3 மில்லிமீட்டர் கூடுவது இயல்பு. தளர்ச்சி மட்டும் வலியைத் தருவதில்லை. வயிற்றுச் சுமை முன்னால் இழுக்கிறது, நிற்கும் விதம் மாறுகிறது, வளையத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டிய தசைகள் சோர்கின்றன, வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒரே மாதிரி அசையாமல் போகின்றன. அப்போதுதான் வலி. ஆகவே ஒரு காலில் மட்டும் பாரம் விழுவது, தொடைகள் அகலுவது, உடலை முறுக்குவது, இந்த மூன்றும் வலியைக் கூட்டும். நீங்கள் எழுதியவற்றைத் திரும்பப் படித்துப் பாருங்கள்: சுடிதார், படி, புரளுவது, சம்மணம்.

இன்றே செய்யக்கூடியவை. உடை மாற்ற, செருப்பு மாட்ட உட்காருங்கள். படியில் ஏறும்போது வலி குறைந்த காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் வையுங்கள். ஒரு படியில் இரண்டு காலும் சேர்ந்த பிறகே அடுத்த படி. புரளும்போது முழங்கால்களை மடக்கி ஒட்டவைத்து, நடுவில் தலையணை, தோளும் இடுப்பும் காலும் ஒரே மரக்கட்டைபோல் சேர்ந்து திரும்ப வேண்டும். கட்டிலைவிட்டு எழும்போதும் ஒருக்களித்து, இரண்டு கால்களையும் ஒன்றாகக் கீழே தொங்கவிட்டுக் கையை ஊன்றி எழுங்கள்.

இன்று இரவு ஒன்று செய்து பாருங்கள். மல்லாந்து ஒரு நிமிடம் மட்டும் படுத்து, காலை மடக்காமல் ஒரு சாண் உயரம் தூக்குங்கள். எவ்வளவு கனமாக இருக்கிறது என்று கவனியுங்கள். பிறகு உங்கள் கணவர் இடுப்பின் இரு புறமும், தொடை எலும்பு முண்டாகத் தெரியும் இடத்தில், உள்ளங்கைகளால் உள்நோக்கி மெதுவாக அழுத்திப் பிடிக்கட்டும். மீண்டும் தூக்குங்கள். என்ன வித்தியாசம் என்று எழுதுங்கள்.

முல்லைக்கொடி | 6 பிப்ரவரி 2023, இரவு 10.50

அக்கா, செய்து பார்த்தோம். முதலில் வலது கால் அம்மிக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் இருந்தது, தரையைவிட்டுக் கிளம்பவே இல்லை. அவர் இரண்டு பக்கமும் பிடித்ததும் கால் தானாக மேலே வந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. "இவ்வளவு நாளும் உனக்கு இப்படித்தான் இருந்ததா" என்று அவர் கேட்டார். மூன்று வாரமாக நான் வாயால் சொன்னதைவிட அந்த ஒரு நிமிடத்தில் அவருக்கு அதிகம் புரிந்தது.

செம்பருத்தி | 7 பிப்ரவரி 2023, காலை 9.05

வளையத்தை வெளியிலிருந்து பிடித்தால் கால் இலேசாகிறது என்றால் உங்களுக்குப் பெல்ட்டும், ஆழ்தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சியும் பயன்தர வாய்ப்பு அதிகம். உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் அங்கே பிசியோதெரபிப் பிரிவு இருக்கும். மகப்பேறு மருத்துவரிடம் ஒரு பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொண்டு போங்கள். "இடுப்பு வலிக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். நம் பேச்சில் அந்தச் சொல்லுக்குப் பிரசவ வலி என்ற பொருளும் சேர்ந்திருப்பதால், கேட்பவர் ஒன்று பதறுகிறார், இல்லையென்றால் அலட்சியம் செய்கிறார். எந்த எலும்பு, எந்தப் பக்கம், எதைச் செய்தால் கூடுகிறது, எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது என்று சொல்லுங்கள். கூச்சத்தினால் நெய்தல் எட்டு மாதமாகிவிட்டும் வாய் திறக்காமல் இருப்பது என்னை வருத்துகிறது. சீக்கிரம் சொன்னால் சீக்கிரம் கட்டுப்படுத்தலாம்.

கார்த்திகைப்பூ | 7 பிப்ரவரி 2023, பிற்பகல் 3.20

மகளே, எனக்கு வயது 61. மூன்று பெற்றவள். சொல்வதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் காலத்தில் நிறைமாதத்திலும் குந்தி உட்கார்ந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டோம், ஈரத்துணியால் வீடு முழுக்கத் துடைத்தோம். குனிந்து நிமிர்ந்தால்தான் இடுப்பெலும்பு விரிந்து சுகப்பிரசவம் ஆகும் என்பார்கள். படுத்தே இருந்தால் நீர் கோத்துக்கொள்ளும். பெல்ட், பயிற்சி என்று பயமுறுத்தாமல், நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றிக்கொண்டு, வீட்டு வேலையைச் செய்யச் சொல்லுங்கள். புரளும்போது எழுந்து உட்கார்ந்துதான் மறுபக்கம் படுக்க வேண்டும். அப்படியே உருண்டால் குழந்தைக்குக் கொடி சுற்றும்.

செம்பருத்தி | 7 பிப்ரவரி 2023, மாலை 5.45

அம்மா, நீங்கள் சொல்வதில் பாதியை நானும் சொல்கிறேன். படுத்தே கிடக்கக் கூடாது. வலி பொறுக்கும் அளவுக்கு நடமாடத்தான் வேண்டும். வெந்நீர் ஒத்தடமும் இதமாக இருக்கும். சூடு மிதமாக இருக்கட்டும், வயிற்றின்மேல் வேண்டாம்.

ஆனால் குந்தி உட்கார்ந்து வீடு துடைப்பதை இந்த வலி இல்லாத பெண்களுக்குச் சொல்லுங்கள். குந்தும்போது தொடைகள் அகல்கின்றன. அந்த நிலையில் ஒரு காலைத் தள்ளி நகரும்போது வளையம் முறுக்கப்படுகிறது. ஏற்கெனவே தளர்ந்து நோகும் முன் மூட்டுக்கு அதைவிடத் தொல்லை வேறு இல்லை. கோலம் போட ஆசை என்றால் முக்காலியில் உட்கார்ந்து கைக்கெட்டும் அளவுக்குப் போடலாம்.

கொடி சுற்றுவது குழந்தை உள்ளே அசைவதால் நடப்பது. தாய் எப்படிப் புரண்டாலும் அதற்குத் தொடர்பில்லை. ஆனால் எழுந்து உட்கார்ந்து திரும்புவது சிலருக்கு வலியைக் குறைக்கிறது என்றால் தாராளமாகச் செய்யட்டும். இரவுக்கு ஆறு முறை அப்படி எழ முடியாதவள், கொடி சுற்றிவிடுமோ என்று பயந்து ஒரே பக்கம் மரத்துப்போய்க் கிடக்க வேண்டாம் என்பதுதான் என் கவலை.

கார்த்திகைப்பூ | 8 பிப்ரவரி 2023, காலை 7.10

நேற்று இரவு முழுக்க யோசித்தேன். எனக்கு இரண்டாவது பிள்ளையின்போது எட்டாம் மாதத்தில் கொல்லைப்புறத்துக்குப் போக முடியாமல், யாரும் பார்க்காத நேரம் பார்த்துக் கைகளை ஊன்றித் தவழ்ந்து போயிருக்கிறேன். சொன்னால் சோம்பேறி என்பார்கள் என்று சொல்லவில்லை. அதற்கு ஒரு பெயர் இருந்தது என்று நேற்றுதான் தெரிந்தது. முல்லைக்கொடி, உன் மாமியாருக்கும் அப்படி ஏதாவது இருந்திருக்கும் அம்மா. கேட்டுப் பார். நீ வீடு துடைக்க வேண்டாம்.

தென்றல் | 8 பிப்ரவரி 2023, இரவு 9.30

நான் ஒரு கணவன். இந்த இழையில் எழுதலாமா என்று தெரியவில்லை. என் மனைவிக்கு 30ஆம் வாரம், இதே வலி. நாங்கள் இருப்பது மாடி வீடு, கழிப்பறை இந்திய முறை, என்னிடம் இருப்பது பைக். என்ன மாற்றலாம்?

செம்பருத்தி | 8 பிப்ரவரி 2023, இரவு 10.15

நல்ல கேள்வி, தாராளமாக எழுதுங்கள். மருத்துவப் பொருள் விற்கும் கடைகளில் நடுவில் துளையிட்ட கழிப்பறை நாற்காலி கிடைக்கும். குந்து கழிப்பறையின்மேல் போட்டுக்கொள்ளலாம். கால் நான்கும் வழுக்காமல் நிற்கிறதா என்று நீங்களே உட்கார்ந்து சோதியுங்கள். பைக்கில் ஒருபக்கமாக உட்கார்ந்தால் இடுப்பு முறுகும், இருபக்கமும் கால் போட்டால் தொடை அகலும், இரண்டும் ஆகாது. ஆட்டோ அல்லது கார் நல்லது. இருக்கையில் வழவழப்பான பிளாஸ்டிக் பை ஒன்றைப் போட்டு, முதலில் பின்புறத்தை உட்காரவைத்து, இரண்டு முழங்கால்களையும் ஒட்டியபடி உள்ளே திருப்பச் சொல்லுங்கள். பை வழுக்கிக்கொடுக்கும். ஓட்டும்போது அதை எடுத்துவிடுங்கள். மாடிப்படி ஒரு நாளைக்கு ஒரு முறை போதும்படி வேலைகளை அமையுங்கள். தண்ணீர்க் குடம், எரிவாயு உருளை, மூத்த பிள்ளை இருந்தால் அதை இடுப்பில் வைப்பது, இவற்றை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

தூரதேசத்துக் குயில் | 9 பிப்ரவரி 2023, அதிகாலை 1.55

லண்டனிலிருந்து எழுதுகிறேன். இரண்டு கர்ப்பத்திலும் எனக்கு இந்த வலி. முதல் முறை யாரிடமும் சொல்லாமல், 36ஆம் வாரத்தில் பஸ் நிறுத்தத்தில் அடுத்த அடி எடுத்துவைக்க முடியாமல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு பஸ்களைத் தவறவிட்டேன். ஒரு பாட்டி வந்து கையைப் பிடித்தார். இரண்டாம் முறை 16ஆம் வாரமே மிட்வைஃபிடம் சொல்லிவிட்டேன். பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள், கடைசி ஆறு வாரத்துக்கு இரண்டு ஊன்றுகோல்கள் கொடுத்தார்கள். ஊன்றுகோல் பிடிக்க முதலில் மனம் ஒப்பவில்லை. பிடித்த பிறகு கடைக்குப் போய்ப் பாலும் ரொட்டியும் நானே வாங்கிவந்தேன்.

முல்லைக்கொடி கேட்ட பிரசவக் கேள்விக்கு வருகிறேன். இந்த வலி ஒன்றை வைத்து மட்டும் ஆபரேஷன் செய்யச் சொல்வதில்லை; பெரும்பாலானவர்களுக்குச் சுகப்பிரசவம் நடக்கும். என் பிசியோதெரபிஸ்ட் 37ஆம் வாரத்தில் என்னைப் படுக்கவைத்து, வலி தொடங்கும்வரை முழங்கால்களை அகற்றச் சொல்லி, இரண்டுக்கும் நடுவே டேப்பால் அளந்தார். எனக்கு 34 சென்டிமீட்டர் வந்தது. அந்த எண்ணைப் பிரசவக் குறிப்பில் எழுதிவைத்தோம். முதுகில் மரத்துப்போகச் செய்யும் ஊசி (எபிடியூரல்) போட்டால் வலி தெரியாது. தெரியாததாலேயே மற்றவர்கள் காலை அந்த அளவைத் தாண்டி அகற்றிவிடக்கூடும். அதனால் இந்த அளவை முன்பே தெரிந்துவைத்திருப்பது முக்கியம். நான் இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்தபடி பெற்றேன். மேலே இருந்த காலை என் கணவர் தாங்கிக்கொண்டார். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நான்கு கால் நிலையில் இருப்பதும் நல்லது என்றார்கள்.

வேம்பு | 9 பிப்ரவரி 2023, காலை 11.40

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல ஆண்டுகள் செவிலியராக இருக்கிறேன். குயில் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்: நம் ஊர்ப் பிரசவ அறையில் பெரும்பாலும் மல்லாந்த நிலைதான். கால்களைத் தாங்கியில் ஏற்ற வேண்டி வந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்றவும், ஒரே நேரத்தில் இறக்கவும் சொல்லுங்கள். தையல் முடிந்ததும் உடனே இறக்கிவிடச் சொல்லுங்கள். சேர்க்கையன்றே சொல்லிவைத்தால் நாங்கள் கேட்போம். வலி உச்சத்தில் சொன்னால் காதில் விழாது.

இனி நான் வந்த விஷயம். இடுப்பு வளைய வலி என்று பெயர் தெரிந்துவிட்டதாலேயே எல்லா வலியையும் அந்தக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். இந்த வலி அசைந்தால் கூடும், ஒரு நிலையில் ஓய்ந்தால் குறையும். 37 வாரம் நிறைவதற்குள் விட்டுவிட்டு ஒழுங்கான இடைவெளியில் வலி வந்தால், வயிறு கல்போல் இறுகி இறுகித் தளர்ந்தால், அது குறைமாதப் பிரசவ வலியாக இருக்கலாம். சூட்டு வலி என்று சீரகத் தண்ணீர் குடித்துக் காத்திருக்காதீர்கள். ரத்தக் கசிவு, நீர் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் இருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், காய்ச்சலோடு குளிர் என்றால் சிறுநீர்த் தொற்று. அதுவும் அடிவயிற்று வலியாகத்தான் தெரியும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொடைகளின் உட்புறமும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போய், சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போனால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

மருந்துக்கடையில் "இடுப்பு வலிக்கு மாத்திரை" என்று கேட்டு வாங்கிப் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் 20ஆம் வாரத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். கடைசி மாதங்களில் குழந்தையின் இதயத்தருகே பிறக்கும்வரை திறந்திருக்க வேண்டிய ரத்தக்குழாயை முன்கூட்டியே மூடச்செய்யலாம். பாராசிட்டமால்கூட மருத்துவர் சொல்லும் அளவில்தான்.

நெய்தல் | 11 பிப்ரவரி 2023, இரவு 8.00

நேற்று மருந்துக்கடையில் பெல்ட் வாங்கினேன். போட்டதும் மூச்சு முட்டுகிறது, வலியும் குறையவில்லை. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

செம்பருத்தி | 11 பிப்ரவரி 2023, இரவு 9.20

வயிற்றைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு வருகிறதா? அப்படியானால் அது பிரசவத்துக்குப் பிறகு போடும் வயிற்றுப் பெல்ட். கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார். உங்களுக்கு வேண்டியது நாலு விரல் அகலத்தில் குறுகலாக இருக்கும். வயிற்றுக்குக் கீழே, தொடையெலும்பு முண்டு தெரியும் இடத்தைச் சுற்றி, பிட்டத்தின்மேல் போக வேண்டும். நின்று நடக்கும்போது போட்டு, படுக்கும்போது கழற்றிவிடுங்கள். இரண்டு விரல் உள்ளே நுழையும் அளவுக்குத்தான் இறுக்கம். போட்ட பிறகு வலி கூடினால் அது உங்களுக்கு ஒத்துவரவில்லை, விட்டுவிடுங்கள்.

பயிற்சிகளில் இரண்டை மட்டும் இங்கே எழுதுகிறேன், மீதியை நேரில் கற்றுக்கொள்ளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவே சுருட்டிய துண்டை வைத்து, ஐந்து எண்ணும்வரை இலேசாக அழுத்தி விடுங்கள். சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்பின் அடித்தசையை மேல்நோக்கி இழுத்து, மூச்சை அடக்காமல், ஐந்து எண்ணித் தளர்த்துங்கள். சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்யக் கூடாது. பத்துப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை.

பனங்கீற்று | 13 பிப்ரவரி 2023, காலை 10.00

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். என் தங்கைக்கு எட்டாம் மாதத்தில் வலி வந்தது. முன் எலும்பில் இல்லை. இடது தொடை இடுக்கின் ஆழத்தில். காலை ஊன்றவே ஏலாமல் நொண்டினாள். கிளினிக்கில் மருத்துவமாது அவள் நடையைப் பார்த்துவிட்டு, இது வழமையான நோ இல்லை என்று அன்றே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். தொடை எலும்பின் தலைப்பகுதி தற்காலிகமாகப் பலமிழக்கும் ஒரு நோய் என்றார்கள். அரிதாகத்தான் வருமாம். அந்தக் காலில் பாரம் போட்டால் எலும்பு முறியக்கூடும் என்று பிள்ளை பிறக்கும்வரை சக்கர நாற்காலியில் வைத்திருந்தோம். பிறந்து ஐந்து மாதத்தில் முழுச் சுகம். யாருக்காவது இப்படி ஆழத்தில் நோ இருந்து நொண்டினால், இந்த இழையில் உள்ள பயிற்சிகளைச் செய்யாமல் முதலில் காட்டுங்கள்.

செம்பருத்தி | 13 பிப்ரவரி 2023, பிற்பகல் 1.30

பனங்கீற்று எழுதியதை எல்லோரும் இரண்டு முறை படியுங்கள். அந்த மருத்துவமாது அவருடைய தங்கையின் எலும்பைக் காப்பாற்றியிருக்கிறார்.

முல்லைக்கொடி | 15 பிப்ரவரி 2023, இரவு 11.10

பிசியோதெரபிப் பிரிவுக்கு இரண்டு முறை போய்வந்தேன். வீட்டில் வலி பாதியாகக் குறைந்திருக்கிறது. கடையில்தான் தாங்க முடியவில்லை. காலை ஒன்பதரையிலிருந்து இரவு எட்டரைவரை நிற்கிறோம். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. மேல் அடுக்குப் புடவையை எடுக்க ஒரு காலை முக்காலியில் வைத்து எம்பும்போது கண்ணில் நீர் வந்துவிடுகிறது. ஸ்டூல் கேட்டேன். "ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள்" என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

வெண்பா | 16 பிப்ரவரி 2023, காலை 8.20

சகோதரி, நான் தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர். ஸ்டூல் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-அ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது அது. உங்களைப்போல் ஜவுளிக்கடையில் கால் வீங்க நின்றவர்களுக்காகத்தான் அந்தத் திருத்தமே வந்தது. ஆகவே எல்லோரும் கேட்டால் எல்லோருக்கும்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்தது மகப்பேறு நலச் சட்டம். உங்கள் பிரசவத் தேதி என்ன?

முல்லைக்கொடி | 16 பிப்ரவரி 2023, காலை 8.45

மே 1 என்று சொல்லியிருக்கிறார்கள்.

வெண்பா | 16 பிப்ரவரி 2023, காலை 9.30

அப்படியானால் கணக்குப் போடுவோம். பிரசவத் தேதிக்கு ஆறு வாரம் முன் என்பது மார்ச் 20. அதற்கும் ஒரு மாதம் முன் பிப்ரவரி 20. வரும் திங்கட்கிழமை. அன்றிலிருந்து, நீங்கள் கேட்டுக்கொண்டால், நெடுநேரம் நிற்கும் வேலையையோ கடுமையான வேலையையோ உங்களுக்குத் தரக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. இதைக் காரணம் காட்டிச் சம்பளத்தையும் பிடிக்க முடியாது. நீங்கள் கேட்டால்தான் அது செல்லும். எனவே எழுத்தில் கேளுங்கள், மருத்துவச் சீட்டின் நகலை இணையுங்கள், கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். 26 வார விடுப்பில் எட்டு வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அதாவது மார்ச் 6 முதல். கர்ப்பத்தால் வந்த நோய்க்கு, மருத்துவச் சான்று இருந்தால், மேலும் ஒரு மாதம்வரை உண்டு. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால் இந்தப் பணத்தை இ.எஸ்.ஐ. கொடுக்கும். கடிதத்தின் வாசகம் வேண்டுமென்றால் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

முல்லைக்கொடி | 20 மார்ச் 2023, மாலை 4.00

34ஆம் வாரம். கடிதம் கொடுத்த மூன்றாம் நாள் என்னைக் கணக்குப் பிரிவில் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். புடவைப் பிரிவுக்கும் இரண்டு ஸ்டூல்கள் வந்தன. என்னோடு வேலை செய்யும் அக்காவுக்கு வயது 47, முழங்கால் தேய்மானம். அவர் அதில் முதன்முறை உட்கார்ந்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். வெண்பா அவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். மார்ச் 6 முதல் விடுப்பில் இருக்கிறேன்.

கார்த்திகைப்பூ அம்மா, நீங்கள் சொன்னபடி மாமியாரிடம் கேட்டேன். என் கணவர் வயிற்றிலிருந்தபோது நாற்று நடும் வயலில் வரப்பு ஏற முடியாமல் உட்கார்ந்து அழுதாராம். இப்போது இரவில் என் வளையல் சத்தம் கேட்டால் அவரே எழுந்து வந்து முழங்காலுக்கு நடுவில் தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போகிறார்.

முல்லைக்கொடி | 9 ஜூலை 2023, இரவு 9.15

ஏப்ரல் 27 அன்று பெண் குழந்தை, சுகப்பிரசவம், 2 கிலோ 900 கிராம். சேர்க்கையன்றே செவிலியரிடம் காலைப் பற்றிச் சொல்லிவைத்தேன். இரண்டு பேர் இரண்டு கால்களையும் சேர்த்தே ஏற்றினார்கள். கடைசி அரைமணி நேரம் ஒருக்களித்துப் படுக்கவிட்டார்கள்.

பிறந்த அன்றே வலி மறைந்துவிடும் என்று நினைத்திருந்தேன். மறையவில்லை. முதல் இரண்டு வாரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழ முடியாமல் அம்மா எடுத்துக் கொடுத்தார். பிள்ளை பெற்ற உடம்புக்குக் கீழே பாயில்தான் படுக்க வேண்டும் என்றதை மட்டும் கேட்கவில்லை, கட்டிலிலேயே இருந்தேன். பயிற்சியை விடவில்லை. ஆறாம் வாரத்தில் படி ஏறினேன். இப்போது பத்து வாரம் தாண்டிவிட்டது. வலது பக்கம் நெடுநேரம் நடந்தால் மட்டும் தெரிகிறது. பிசியோதெரபிக்கு இன்னும் போய்வருகிறேன்.

செம்பருத்தி | 9 ஜூலை 2023, இரவு 10.05

மிக்க மகிழ்ச்சி. மூன்று மாதம் தாண்டியும் வலி நீடித்தால் அதைப் பழகிக்கொள்ளாமல் மீண்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அடுத்த கர்ப்பத்தில் திரும்ப வர வாய்ப்பு உண்டு. அதற்குள் தசைகளைப் பலப்படுத்திவிடலாம்.

புதுவரவு_தாழம்பூ | 22 ஜூலை 2023, அதிகாலை 3.05

வணக்கம். எனக்கு 29ஆம் வாரம். இடுப்பு வலி தாங்க முடியவில்லை. எல்லோரும் சாதாரணம் என்கிறார்கள். தூக்கம் வராமல் தேடும்போது இந்த இழை கண்ணில் பட்டது.

முல்லைக்கொடி | 22 ஜூலை 2023, அதிகாலை 3.20

பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், விழித்துத்தான் இருக்கிறேன். முதலில் சொல்லுங்கள் தோழி: வயிறு இறுகி இறுகித் தளர்கிறதா? கசிவு ஏதும் உண்டா? குழந்தை அசைகிறதா? இவற்றில் எதுவும் சரியில்லை என்றால் இங்கே காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். எல்லாம் சரியென்றால், ஒரு விரலை வைத்துப் பாருங்கள். முன்னாலா, பின்னாலா, எந்தப் பக்கம்?